மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி: போடலாமா, வேறு வழி பார்க்கலாமா?

முட்டி வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போய் உட்கார்ந்திருக்கிறவரிடம் எலும்பு டாக்டர் "ஒரு ஊசி போட்டுப் பார்ப்போமா" என்று கேட்டால் போதும், வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஸ்டீராய்டா, எலும்பு உருகிவிடும், கிட்னி போய்விடும், கிட்டவே சேர்க்காதே என்பது ஒரு கட்சி. பக்கத்துத் தெரு அக்காவுக்கு ஒரே ஊசியில் சரியாகிவிட்டது, யோசிக்காமல் போட்டுக்கொள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே ஊசிக்கு இல்லாத சக்தியை அதன் தலையில் ஏற்றுகிறது.

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், பெரியப்பாவுக்கு கவுட் (யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்ந்து வரும் வலி), அத்தைக்கு முடக்குவாதம், மூவருக்குமே சுகர் என்று இருக்கிற குடும்பத்தில் ரிப்போர்ட் படிக்கிற வேலை என் தலையில் விழுந்ததால் இதையெல்லாம் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததில் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி உங்களுக்குச் சில வாரங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான். வலி குறைந்த அந்தச் சில வாரங்களில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் ஊசி நல்ல பேரம். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து அதே கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்குப் போடுகிற சமாச்சாரம் நினைவுக்கு வரும், அது வேறு வகை. இது கார்ட்டிகோஸ்டீராய்டு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் போன்றது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்குத் தினமும் கார்ட்டிசோன் ஊசி போட ஆரம்பித்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைக்கே போய்வந்தார். 1950ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அதே காலத்திலேயே இதன் மறுபக்கமும் தெரிய ஆரம்பித்துவிட்டது: முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது, மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வந்தது. உடம்பு முழுக்கப் பரவுவதால்தானே இத்தனை தொல்லை, வீங்கிய மூட்டுக்குள் மட்டும் போட்டால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. 1951ல் ஃபிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை நேராக மூட்டுக்குள் போட்ட அனுபவத்தை வெளியிட்டார். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை யோசனை அதுவேதான்.

இப்போது போடுவது பெரும்பாலும் ட்ரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன். முட்டி மாதிரி பெரிய மூட்டு என்றால் 40 முதல் 80 மி.கி., சின்ன மூட்டு என்றால் அதைவிடக் குறைவு. எளிதில் கரையாத நுண்துகள்களாக இருப்பதால் மூட்டுக்குள்ளேயே கொஞ்ச நாள் தங்கி மெல்ல வேலை செய்யும். மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு அழற்சியால் தடித்து நீர் கோர்த்திருக்கிறதே, அதை அடக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, வளைந்த காலை நேராக்காது, யூரிக் ஆசிடைக் குறைக்காது. ஆகவே எந்த மூட்டு வலிக்கு ஊசி என்பதைவிட எந்த நோயால் வந்த மூட்டு வலிக்கு ஊசி என்று கேட்பதுதான் சரி. ஒப்பிட வேண்டிய மாற்று வழிகளும் நோய்க்கு நோய் வேறு.

அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, தொடவே விடாமல் வலித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். அந்த நிலையில் நீரை உறிஞ்சி எடுத்து லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் இது வரும், குறிப்பாக வயதானவர்களுக்கும் சுகர்காரர்களுக்கும். எதையும் பார்க்காமல் வீங்கிய முட்டியில் நேராக ஊசியை இறக்கிவிட்டு "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்கிற அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை.

முடக்குவாதத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இங்கே பதில் தெளிவு. ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சில வீடுகளில் சரவாங்கி என்பார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய், இரண்டு கை விரல் மூட்டுகளும் காலையில் மணிக்கணக்கில் விறைத்துப்போவது இதன் அடையாளம். இதற்கு ஊசியா, நோயையே அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டா என்று யாராவது தராசில் வைத்தால் அந்தத் தராசே தப்பு. ஊசி ஒரு மூட்டைக் குளிர்விக்கும், நோய் மற்ற இருபது மூட்டிலும் தன் வேலையைத் தொடரும். ஊரே மின்வெட்டில் இருக்கும்போது ஒரு வீட்டுக்கு மட்டும் இன்வெர்ட்டர் வைத்த கதை. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை (தினமும் சாப்பிட்டு ஆபத்தில் முடிந்த கேஸ்கள் நிறைய உண்டு, எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்), அது பிடிமானம் கொள்ளவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. எல்லா மூட்டும் வீங்கியிருந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில்க் கொஞ்ச காலம் கொடுத்து மெல்லக் குறைத்துக்கொண்டு வருவார்கள். மற்றதெல்லாம் அடங்கி ஒரு முட்டியோ மணிக்கட்டோ மட்டும் அடம்பிடித்தால், உடம்பு முழுக்க மாத்திரை ஏற்றுவதைவிட அந்த ஒன்றுக்குள் ஊசி போடுவது மேல். இங்கே ஊசி நன்றாகவே கேட்கும், ஏனென்றால் இது அப்பட்டமான அழற்சி.

குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதத்தில், நாலு மூட்டுக்குள் மட்டும் பாதிப்பு என்றால், ஊசி முதல் வரிசை சிகிச்சையிலேயே இருக்கிறது. அதற்கு ட்ரையாம்சினலோன் ஹெக்ஸாசிட்டோனைடு என்ற, இன்னும் மெல்லக் கரையும் வகையை விரும்புகிறார்கள். "பச்சைப் பிள்ளைக்கு ஸ்டீராய்டா" என்று பயந்து வேண்டாம் என்று சொன்னால், வீங்கியே இருக்கும் முட்டி குழந்தையின் ஒரு காலை மற்றதைவிட நீளமாக வளரச் செய்துவிடக்கூடும். குழந்தைகளுக்கான வாத நோய் மருத்துவரிடம் போய்க் கேட்பது நல்லது.

கவுட் வேறு கதை. ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த கால் கட்டை விரல் விடியற்காலையில் போர்வை பட்டாலே அலறும். அப்போது கையில் இருப்பவை மூன்று: கோல்சிசின் மாத்திரை, வலி நிவாரணி (டைக்ளோஃபினாக் வகை), ஸ்டீராய்டு. மூன்றுமே அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டலில் முதல் வரிசையில்தான் இருக்கின்றன, ஆளைப் பார்த்துத்தான் தேர்வு. கிட்னி நலமாக, வயிறு நலமாக இருக்கிற நாற்பது வயதுக்காரருக்கு வலி நிவாரணியே போதும். கோல்சிசினை வலி ஆரம்பித்த முதல் நாளிலேயே குறைந்த அளவில் எடுத்தால் நன்றாக வேலை செய்யும், தாமதித்தால் வேகம் குறையும், அளவு கூடினால் வயிற்றுப்போக்கு. கிட்னி பலவீனப்பட்டு கிரியாட்டினின் ஏறியவருக்கு வலி நிவாரணி கூடாது, கோல்சிசினையும் அளந்துதான் தர வேண்டும், அப்போது ஸ்டீராய்டுதான் வழி. ஐந்தாறு நாள் மாத்திரையாகவா, ஊசியாகவா? முட்டி, கணுக்கால் என்று ஒரே பெரிய மூட்டில் தாக்கியிருந்தால் ஊசி. அதே ஊசியில் நீரையும் எடுத்துப் படிகம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், நோயும் உறுதியாகும். மூன்று நாலு இடத்தில் தாக்கியிருந்தால் மாத்திரை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அன்றைய தீயை அணைப்பதோடு சரி. அடிக்கடி வருகிறவர்கள் அலோபூரினால் மாதிரி ஒன்றைத் தொடர்ந்து சாப்பிட்டு யூரிக் ஆசிடை 6க்குக் கீழே வைக்காவிட்டால் அடுத்த தாக்குதல் வந்தே தீரும். பெரியப்பா இன்னமும் பருப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார், மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு.

சரி, இப்போது பெரும்பாலானவர்களின் கேள்விக்கு வருவோம்: முட்டித் தேய்மானம். ஊசி அதிகம் போடப்படுவதும் இதற்குத்தான், அதிகம் விற்பனை நடப்பதும் இங்கேதான். தேய்மானத்தை வெறும் தேய்மானம் என்று சொல்ல முடியாது, இடையிடையே அழற்சியும் கிளம்பி முட்டி வீங்கி நீர் கோர்க்கும். அப்படிக் கிளம்பும் நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி நிஜமாகவே இறங்குகிறது. எத்தனை நாளுக்கு? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டலில், மற்ற மருந்துகள் கேட்காதபோதோ உடற்பயிற்சிக்குத் துணையாகவோ இதைப் போடலாம், நிவாரணம் இரண்டு முதல் பத்து வாரம் வரைதான் என்பதை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த "சொல்லிவிட வேண்டும்". நம் ஊரில் அதை யார் சொல்கிறார்கள்?

இதை பிசியோதெரபியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊசி (வருஷத்துக்கு மூன்று வரை), இன்னொரு பாதிக்கு ஆள் கையைப் போட்டுச் செய்கிற பிசியோதெரபி. வலி, விறைப்பு, அன்றாட வேலை மூன்றையும் சேர்த்து 240க்கு மதிப்பெண் போடும் முறை, எண் குறைந்தால் நல்லது. இரண்டு அணியும் ஏறத்தாழ 107, 108ல் ஆரம்பித்தது. ஒரு வருஷம் கழித்து ஊசி அணி 55.8, பிசியோ அணி 37. 2020ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஊசி அணியும் நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள், அது தோற்ற வழி இல்லை, ஆனால் பிசியோ ஜெயித்த வழி. இந்த முடிவை நம்மூருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. அங்கே பிசியோ என்றால் தேர்ந்த ஒருவர் முட்டியை அசைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து, மாதக்கணக்கில் பின்தொடர்வது. இங்கே பல இடங்களில் பிசியோ என்றால் பத்து நாள் மின்சார ஒத்தடம் கொடுத்து, மெழுகுக் குளியல் போட்டு அனுப்புவது. இரண்டும் ஒன்றல்ல. தொடைத் தசை வலுவாகும்படி பயிற்சி சொல்லித் தராத பிசியோவை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

அப்படியானால் ஊசி எதற்கு என்று கேட்கலாம். முட்டி வீங்கி வலி உச்சத்தில் இருக்கிறவரிடம் தினமும் இருபது முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றால் அவர் உங்களைத்தான் திட்டுவார். ஊசி போட்டு வலி இறங்கிய அந்தச் சில வாரத்தில் பயிற்சியை ஆரம்பித்துவிட்டால் பிறகு அது தானாக ஓடும். ஊசி போட்டதும் வலி இல்லை என்று பயிற்சியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், இது தலைகீழ். (பிள்ளைக்குக் கல்யாணம், மூன்று நாள் நின்றே ஆக வேண்டும் என்று போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன், வாழ்க்கையில் அதுவும் ஒரு காரணம்தானே. ஒரு வாரம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு முதல் நாள் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.)

திரும்பத் திரும்பப் போட்டால்? பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2017ல் வந்தது. முட்டித் தேய்மானமும் அழற்சியும் சேர்ந்திருந்த 140 பேர். பாதிப் பேருக்கு 40 மி.கி. ட்ரையாம்சினலோன், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர், பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு வருஷம். கடைசியில் வலியில் இரு அணிக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு அணியில் 0.21 மி.மீ., உப்பு நீர் அணியில் 0.10 மி.மீ. குறைந்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு "ஸ்டீராய்டு முட்டியைத் தின்றுவிடும்" என்று கிளப்பிவிட்டார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், வலியை அளந்தது ஒவ்வொரு ஊசிக்கும் பன்னிரண்டு வாரம் கழித்து, அதாவது ஊசியின் பலன் ஓய்ந்த பிறகு. நடுவில் கிடைத்த நல்ல வாரங்கள் அந்தக் கணக்கில் வராது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நோயாளி உணர்வாரா என்பதும் கேள்வி. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை செய்தி ஒன்றுதான்: வலி வந்தபோது எப்போதாவது ஒன்று என்பது வேறு, காலண்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருஷக்கணக்கில் போடுவது வேறு. ஒரே மூட்டில் வருஷத்துக்கு மூன்று நாலுக்கு மேல் வேண்டாம், நடுவில் குறைந்தது மூன்று மாத இடைவெளி என்பது மருத்துவர்களின் வழக்கமான வரம்பு. அதை மேல் வரம்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், முடிக்க வேண்டிய கோட்டாவாக இல்லை.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொன்ன மறுநிமிஷம் சில கிளினிக்குகளில் அடுத்த அட்டையை எடுப்பார்கள்: ஜெல் ஊசி. ஹயலுரானிக் ஆசிட், முட்டிக்கு "ஆயில் விடுவது" என்று விளக்கம் வேறு. விலை ஸ்டீராய்டைவிடப் பல மடங்கு. ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டு 2022ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அலசல், பலன் உப்பு நீர் ஊசியைவிட நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை, தீவிரப் பக்கவிளைவுகள் கொஞ்சம் கூடுதல் என்று சொன்னது. நைஸ் வழிகாட்டல் நேராகவே "கொடுக்காதீர்கள்" என்கிறது. போட்டு நன்றாக இருக்கிறது என்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், உப்பு நீர் போட்டவர்களுக்குமே நன்றாக இருந்தது என்பதுதான் இந்தத் துறையின் வேடிக்கை.

அடுத்தது பிஆர்பி. உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து முட்டிக்குள் போடுவது. கேட்க அழகாக இருக்கிறது, "இயற்கையானது", "ஸ்டீராய்டு இல்லை", இந்த இரண்டு சொல்லுக்கே பாதி கூட்டம் வரும். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021ல் வெளிவந்த ஆய்வில், வாரம் ஒன்றாக மூன்று முறை பிஆர்பி போட்டவர்களுக்கும் உப்பு நீர் போட்டவர்களுக்கும் ஒரு வருஷம் கழித்து வலியிலோ குருத்தெலும்பிலோ கணிசமான வித்தியாசம் இல்லை. சாதகமாகச் சொல்லும் சிறு ஆய்வுகளும் இருக்கின்றன, தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் விவாதம் இன்னும் ஓயவில்லை. என் பணம் என்றால் இப்போதைக்கு இதில் போட மாட்டேன். ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் "குருத்தெலும்பு வளரும்" என்று வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

மாத்திரை வழி? பாராசிட்டமால் முட்டித் தேய்மானத்துக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. டைக்ளோஃபினாக், எசிக்ளோஃபினாக் வகை கேட்கும், ஆனால் மருந்துக்கடையில் தாமாக வாங்கி வருஷக்கணக்கில் போட்டு வயிற்றிலும் கிட்னியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். பிபி, சுகர், அறுபது தாண்டிய வயது என்று மூன்றும் சேர்ந்தவருக்குத் தினசரி வலி மாத்திரையா எப்போதாவது ஒரு ஊசியா என்றால் ஊசிதான் பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன், ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து மாத்திரையை அள்ளிப் போடுவது இங்கே நடக்கிற பெரிய தப்பு. அதைவிடவும் மேல், டைக்ளோஃபினாக் ஜெல்லை முட்டியில் தடவுவது. மலிவு, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, முட்டி மாதிரி தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். யாரும் மதிப்பதில்லை, தடவுகிற மருந்துதானே என்று.

உடல் எடையைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும், ஆனாலும் கணக்கைச் சொல்கிறேன்: ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி தாங்கும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. 2024ல் வந்த ஓர் ஆய்வில், உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் இருந்த 407 பேரில் செமாகுளூடைடு என்ற எடை குறைப்பு ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சுமார் 13.7 சதவீதம் எடை இறங்கினார்கள், முட்டி வலியும் மற்றவர்களைவிடத் தெளிவாக இறங்கியது. அந்த மருந்து எல்லோருக்கும் என்று சொல்ல வரவில்லை. எடை குறைப்பதால் வலி குறையும் என்பது வெறும் உபதேசம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆபரேஷன் கட்டத்தை எட்டியவர்களுக்கு, அதாவது எலும்போடு எலும்பு உரசி, கால் வளைந்து, ராத்திரித் தூக்கமே போனவர்களுக்கு, ஊசி மேல் ஊசி என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. செலவுதான் தயக்கம் என்றால், இதய ஸ்டென்ட்டைப் போலவே முட்டிக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆபரேஷனில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு: மூட்டு மாற்றுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் கூடுகிறது. "ஆபரேஷன் வரை வலி தாங்க ஒரு ஊசி" என்று இன்னொரு டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டு வந்தால் தேதியே தள்ளிப்போகும்.

தோள்பட்டை இறுக்கத்துக்கு வந்தால் என் தராசு ஊசிப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கை தூக்க முடியாது, பின்னால் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாது. சுகர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். முதல் சில மாதம் வலி ஆட்டிப்படைக்கும், அப்புறம் வலி குறைந்து இறுக்கம் நிற்கும், பிறகு மெல்ல விடும், மொத்தம் ஒன்றிரண்டு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். வலி ஆட்டுகிற முதல் கட்டத்தில் போட்ட ஊசிதான் நன்றாகக் கேட்கும், இறுகி முடிந்த பிறகு போடுவது வீண். பிரிட்டனில் 503 பேரிடம் செய்து 2020ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வழியை ஒப்பிட்டார்கள்: ஊசியோடு கூடிய பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, துளை வழி ஆபரேஷன். ஒரு வருஷ முடிவில் எதுவும் மற்றதைவிடத் தூக்கலாக இல்லை, சிக்கல்கள் ஆபரேஷன் பக்கமே கூடுதல். அப்படியிருக்க முதலில் ஊசியும் பயிற்சியும் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க நான் அவசரப்பட மாட்டேன்.

மூட்டை விட்டு நகர்ந்தால் கணக்கு மாறும். டென்னிஸ் எல்போவுக்கு (முழங்கையின் வெளிப்பக்க நாணில் வரும் வலி) போட்டால் ஒரு மாதம் சொர்க்கம், ஒரு வருஷத்தில் போடாதவர்களைவிட மோசம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணில் போட்டால் அது அறுந்தே போகலாம். அங்கெல்லாம் வேண்டாம் என்பதே என் பதில்.

சுகர் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மூட்டுக்குள் போட்டாலும் கொஞ்சம் மருந்து ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். அன்று மாலையிலிருந்தே சர்க்கரை ஏறலாம், முதல் இரண்டு மூன்று நாள் உச்சம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பழைய நிலை. 150ல் இருந்தவருக்கு 300 காட்டினால் பதறாதீர்கள், ஆனால் பார்க்காமலும் இருக்காதீர்கள், வீட்டு மீட்டரில் ஒரு வாரம் தினமும் பாருங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கனவே கட்டுப்பாடில்லாமல் ஓடுகிற சுகர் என்றால் முதலில் அதை இறக்கிவிட்டு வந்து போடுவதுதான் புத்தி. இரண்டு முட்டிக்கும் ஒரே நாளில் போட்டால் ஏற்றமும் அதற்கேற்ப இருக்கும்.

மற்றபடி நடக்கக்கூடியவை: ஊசியில் மரத்துப்போகும் மருந்தும் சேர்ப்பதால் பத்து நிமிஷத்தில் வலி மாயமாகும், ராத்திரி அது தீர்ந்ததும் வலி திரும்ப வரும், சிலருக்கு ஊசிக்கு முன் இருந்ததைவிட அதிகமாக. துகள்கள் கிளப்பும் தற்காலிக எரிச்சல் அது, ஐஸ் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஸ்டீராய்டின் நிஜ வேலை மூன்றாம் நாள் வாக்கில்தான் தெரியும், கல்யாணத்துக்கு முதல் நாள் வேண்டாம் என்றது இதற்குத்தான். முகம் சிவந்து சூடாகலாம், போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், குழி விழலாம், நம் நிறத்தில் அந்த வெளுப்பு நன்றாகவே தெரியும். கிருமி புகுவது மிக அரிது, ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு. ஆனால் இரண்டு நாள் கழித்தும் வலி கூடிக்கொண்டே போய், காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்பது கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டிச் சொல்லுங்கள். எச்ஐவிக்கு மருந்து எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அதில் சில மருந்துகள் ட்ரையாம்சினலோனை உடம்பிலேயே நெடுநாள் தேங்க வைத்துவிடும்.

இன்னொன்று, இது ஊசியைவிட எனக்குப் பயமான விஷயம். கிளினிக்கில் பெயர் சொல்லிப் போடுகிற ஸ்டீராய்டுக்கு நடுங்குகிறவர்கள், லேபிள் இல்லாத "மூட்டு வலிப் பொடி"யை மாதக்கணக்கில் முழுங்குகிறார்கள். இரண்டே நாளில் மாயமாக வலி போய், பசி பிடுங்கி, முகம் உருண்டையாகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும், பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

ஊசி போடுவது என்று முடிவானால் டாக்டரிடம் நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்தப் பக்கத்து எந்த மூட்டு, தேதி. முட்டிக்கு ஒரு டாக்டர், தோளுக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர் என்று ஓடுகிற குடும்பத்தில் இது யாருக்கும் முழுசாகத் தெரிவதில்லை, இடது முட்டியில் இரண்டு மாதத்துக்கு முன்னால் போட்டது மறந்து அதே முட்டியில் இன்னொரு ஊசி விழுந்துவிடும். சுகர் நோட்டிலேயே பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு எழுதிவைத்தால் அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டலாம்.